மும்பை யாருக்கு? அம்பேத்கர் திருப்பிக் கேட்ட கேள்வி

2018 மார்ச் மாதம் நாசிக்கிலிருந்து புறப்பட்ட விவசாயிகள், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து மும்பையை அடைந்தனர். பல்லாயிரக்கணக்கில் வந்த அவர்களில் பெரும்பான்மையோர் பழங்குடியினர். தலைமுறைகளாக உழுதுவரும் வனநிலத்துக்கு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பட்டா வேண்டும் என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் நகரத்து மாணவர்களுக்கு இடையூறு நேரக்கூடாது என்று, கொப்புளம் வெடித்த கால்களோடு இரவோடிரவாக நடந்து ஆசாத் மைதானத்தில் வந்தமர்ந்தனர். நகரத்து மக்களும் தண்ணீர், உணவு, செருப்பு எனத் தந்து அவர்களை வரவேற்றனர்.

மும்பைக்கும் மகாராட்டிரத்தின் பிற பகுதிகளுக்கும் இடையிலான உறவில் இத்தகைய காட்சிகள் அரிது. வரிப்பணத்தின் பெரும்பகுதியைத் தாங்கள் ஈட்டித் தந்தும், 288 சட்டமன்றத் தொகுதிகளில் தங்களுக்கு இருப்பவை 36 மட்டுமே என்பது நகரத்தாரின் குறை. நீரும் மின்சாரமும் உழைப்பும் தங்களிடமிருந்து செல்ல, முதலீடு மட்டும் நகரத்திலேயே தங்கிவிடுகிறது என்பது விதர்பா, மராத்வாடா மக்களின் குறை. இரண்டிலும் உண்மை உண்டு. மும்பைக்கு நீர் வழங்கும் தான்சா, பாத்சா அணைகள் தாணே மாவட்டத்தின் சகாப்பூர் வட்டத்தில் உள்ளன. அதே வட்டத்தின் பழங்குடிக் கிராமங்கள் கோடைதோறும் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

ஆனால் 'நகரம்' என்றும் 'பிற பகுதிகள்' என்றும் பேசும்போது, யாருடைய குரல் ஒலிக்கிறது, யாருடைய குரல் அமுங்கிப்போகிறது என்று நாம் கேட்டாக வேண்டும். இக்கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் பாபாசாகேப் அம்பேத்கர்.

1948இல் மொழிவழி மாகாண ஆணையத்துக்கு அளித்த அறிக்கையில், பம்பாய் மகாராட்டிரத்துக்கே உரியது என்று அவர் வாதிட்டார். ஆலைகளும் வணிகமும் பிறமொழி முதலாளிகளின் கையில் இருப்பதால் நகரமும் அவர்களுக்கே உரியதாகிவிடாது என்பது அவரது வாதத்தின் சாரம். 1955 டிசம்பரில் வெளியிட்ட 'மொழிவழி மாநிலங்கள் பற்றிய சிந்தனைகள்' நூலிலோ, மராத்தி பேசும் நிலப்பரப்பை நான்கு மாநிலங்களாகப் பிரிக்க வேண்டும் என்றார். பம்பாய் ஒரு நகர மாநிலம். மற்றவை மேற்கு மகாராட்டிரம், மராத்வாடா, விதர்பா. ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி இருக்கலாம். ஒரு மொழிக்கு ஒரே மாநிலம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவர் விளக்கினார்.

ஏன் இந்த மாற்றம்? பரப்பு, நிர்வாகம், வட்டாரங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு ஆகியவற்றோடு சாதியையும் அவர் கணக்கில் எடுத்தார். ஒவ்வொரு மொழிவழி மாநிலத்திலும் எண்ணிக்கையும் நிலமும் கொண்ட ஒரு சாதி மேலோங்கி நிற்கும். ஆந்திரத்தில் ரெட்டிகள், மகாராட்டிரத்தில் மராத்தாக்கள் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். மாநிலத்தைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். எனவேதான் ஒரு தொகுதிக்கு இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்கள், வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் ஒருவருக்கே அளிக்கும் உரிமை ஆகியவற்றை அவர் முன்மொழிந்தார். பெரும்பான்மைச் சாதியின் தயவின்றியே சிறுபான்மையினர் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க இது வழிவகுக்கும்.

வரலாறு வேறு வழியில் சென்றது. பம்பாய் நடுவண் அரசின் ஆட்சிப் பகுதியாகும் என்று 1956 ஜனவரியில் பிரதமர் நேரு அறிவித்ததும் கிளர்ச்சி வெடித்தது. சம்யுக்த மகாராட்டிரப் போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பும் அப்போராட்டத்தில் இணைந்து நின்றது. ஊரில் விட்டுவந்த துணைவியை நினைத்து மும்பைத் தொழிலாளி ஏங்குவதாக அண்ணாபாவ் சாத்தே இயற்றிய லாவணி, அப்போராட்டத்தின் பாடலாகவே ஆயிற்று. மாங் சாதியில் பிறந்து, கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த அந்தக் கலைஞருக்கு, ஊரும் நகரமும் ஒரே வாழ்வின் இரு பாதிகள். 1960 மே 1 அன்று, மும்பையைத் தலைநகராகக் கொண்டு மகாராட்டிரம் பிறந்தது.

பின்தங்கிய பகுதிகளுக்கு வாக்குறுதிகளும் அளிக்கப்பட்டன. மக்கள்தொகைக்கேற்ற நிதிப் பங்கீடும், ஆண்டுதோறும் நாக்பூரில் சட்டமன்றக் கூட்டமும் 1953ஆம் ஆண்டு நாக்பூர் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன. அரசமைப்புச் சட்டத்தின் 371(2) பிரிவு தனி வளர்ச்சி வாரியங்களுக்கு வழிசெய்தது. ஆயினும் அவ்வாரியங்கள் 1994இல்தான் அமைந்தன. 2020 ஏப்ரலில் அவற்றின் காலமும் முடிந்தது. புறக்கணிப்பு என்ற குற்றச்சாட்டு ஆதாரமற்றதன்று.

ஆனால் புறக்கணிக்கப்பட்ட வட்டாரத்துக்குள்ளும் புறக்கணிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1978 ஜூலையில் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கரின் பெயரைச் சூட்டச் சட்டமன்றம் தீர்மானித்தது. வட்டாரத்தின் அடையாளம் அழிகிறது என்ற முழக்கத்தோடு எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த சில நாட்களில் மராத்வாடாவின் கிராமங்களில் தலித்துகளின் வீடுகள் எரிந்தன, உயிர்கள் பறிக்கப்பட்டன. 1994 ஜனவரி 14 அன்றுதான் அப்பெயர் இணைக்கப்பட்டது. அதுவும் 'மராத்வாடா' என்ற சொல்லை விடாமல். தலைநகரின் மீதான வட்டாரத்தின் கோபம் சேரியின் மீது இறங்கிய வரலாறு இது. தனி மாநிலம் கேட்கும் விதர்பாவில்தான் 2006இல் கயர்லாஞ்சிப் படுகொலையும் நிகழ்ந்தது.

அப்படியென்றால் நகரம் நமக்குப் புகலிடமா? கிராமம் குறுகிய மனத்தின் கூடாரம் என்று 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் சாடியவர் அம்பேத்கர். நகரமும் தலித்துகளுக்குப் பல வாசல்களைத் திறந்தது. தலித் சிறுத்தைகள் இயக்கம் 1972இல் மும்பையில்தான் பிறந்தது. ஆனால் அதே நகரத்தின் பஞ்சாலைகளில், கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தலித்துகளை அனுமதிக்கவில்லை. அறுந்த நூலை இணைக்க வாயால் உறிஞ்ச வேண்டியிருந்ததால், அங்கும் தீட்டு பார்க்கப்பட்டது. 1997 ஜூலை 11 அன்று காட்கோபரின் ரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதைக் கண்டித்துத் திரண்டவர்கள் மீது ஆயுதப்படை சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர்.

ஆகவே, மும்பையா மாநிலமா என்று நம்மைக் கேட்பவர்களிடம், எந்த மும்பை, யாருடைய மாநிலம் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். தனி விதர்பா கேட்போர் இன்றும் அம்பேத்கரின் பெயரைச் சொல்கிறார்கள். அவர் வரைந்த எல்லைகளை எடுத்துக்கொள்வோர், அவற்றோடு அவர் முன்வைத்த பாதுகாப்புகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும். எல்லை மாறி, ஊர்ப் பொதுக்கிணறும் பட்டாவும் சட்டமன்ற இருக்கையும் பழைய கைகளிலேயே இருந்தால், அதற்குப் பெயர் விடுதலையன்று. அதிகார மையத்தின் இடமாற்றம் மட்டுமே.

நாசிக்கிலிருந்து நடந்து வந்தவர்கள் மும்பையைப் பகைவராகக் கருதி வரவில்லை. தம் நிலத்தின் மீதான முடிவு அந்நகரத்தில் எடுக்கப்படுவதால் வந்தார்கள். அம்முடிவை எடுக்கும் அவையில் அவர்களுக்கும் நமக்கும் உரிய இடம் எது என்பதே, மாநிலம் ஒன்றானாலும் நான்கானாலும் நாம் விடாது கேட்க வேண்டிய கேள்வி.