வராத கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்



பக்கவாதம் வந்தவர் தேனி கானாவிலக்கு அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். உயிர் தப்பியதே பெரிது என்றிருக்கும். மறுநாள் காலை அவரை எழுப்பி உட்கார வைக்கும்போதுதான் வீட்டுக்காரர்களுக்குக் கை நடுங்கும். பதற்றத்தில் வராத கையையே பிடித்துத் தூக்குவோம். அந்தத் தோளில் தசையெல்லாம் தளர்ந்து கிடக்கிறது. ஒரே இழுப்பில் மூட்டு நழுவலாம். பிறகு மாதக்கணக்கில் தோள்வலி.

முதலில் அவரை ஒருக்களிக்க வையுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, தோள்பட்டைக்குப் பின்னால் கைகொடுத்து எழுப்புங்கள். நாற்காலி நல்ல பக்கமாக இருக்கட்டும். சட்டை போடும்போது வராத கை முதலில்; கழற்றும்போது நல்ல கை முதலில். கஞ்சியைப் படுத்தபடி ஊட்டவே கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

சரி, இதையெல்லாம் வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்து, உடற்பயிற்சியையும் அவர்களையே கொடுக்கவைத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவாரா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுக்கு 'அட்டெண்ட்' என்று பெயர். முடிவு 2017-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் துணையின்றி இயங்க முடியாதவர்களும் சேர்த்து, வீட்டார் பயிற்சி பெற்ற பிரிவில் 47 சதவீதம். பெறாத பிரிவிலும் அதே 47.

பயிற்சியே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. தோள் நழுவாமல், புரையேறாமல், தூக்குபவரின் இடுப்பு பிடிக்காமல் பார்த்துக்கொள்ள அது வேண்டும். ஆனால் பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டிய வேலையை மருமகள் தலையில் கட்ட முடியாது. கம்பம், போடி பக்கம் அந்த மருமகள் பெரும்பாலும் விடிவதற்குள் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். அவள் வீட்டில் நின்றால் கூலி போச்சு. அந்தக் கணக்கை டிஸ்சார்ஜ் சீட்டில் யாரும் எழுதுவதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வர வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று. டிஸ்சார்ஜுக்கு முன்னால், “நான் தூக்கிக் காட்டுறேன், சரியான்னு பாருங்க சிஸ்டர்” என்று கேட்டு, அவர்கள் கண்முன்னே ஒருமுறை செய்துவிடுங்கள். வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.