ஜேன் மேன்ஸ்பிரிட்ஜ்

ஜேன் மேன்ஸ்பிரிட்ஜ் (பிறப்பு: நவம்பர் 19, 1940) ஓர் அமெரிக்க அரசறிவியலாளர். மக்களாட்சிக் கோட்பாடு, பெண்ணியம், அரசியல் பிரதிநிதித்துவம் ஆகியவை இவரது ஆய்வுத் துறைகள். 1971 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும், 1996 முதல் ஹார்வர்டின் கென்னடி பள்ளியிலும் பேராசிரியராகப் பணியாற்றினார். 2012-13 இல் அமெரிக்க அரசறிவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். 2018 இல் யோஹான் ஸ்கைட்டெ பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

சம உரிமைத் திருத்தம் பற்றிய ஆய்வு

பால் அடிப்படையில் சட்ட உரிமைகளை மறுக்கலாகாது என்னும் திருத்தம் 1972 இல் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறியது. அது அரசியலமைப்பில் இடம்பெற 38 மாநிலங்களின் ஏற்பு தேவைப்பட்டது. 1982 ஆம் ஆண்டுக் கெடுவுக்குள் 35 மாநிலங்களே ஏற்றிருந்தன. கருத்துக் கணிப்புகளில் பெரும்பான்மையோர் ஆதரித்த ஒரு திருத்தம் தோற்றது ஏன் என்பதை மேன்ஸ்பிரிட்ஜ் 1986 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். இவரும் திருத்தத்தின் ஆதரவாளரே. எனினும் தம் தரப்பின் மீதும் இவர் குறை கண்டார். திருத்தத்தால் உடனடியாக விளையக்கூடிய மாற்றங்கள் சிலவே. பெண்களைப் போர்முனைக்கு அனுப்புவது போன்ற விளைவுகளை இரு தரப்பினருமே மிகைப்படுத்தினர் என்றார். ஊதியமின்றி உழைப்போரை ஓர் இயக்கத்தில் நிலைக்கச் செய்வது கொள்கைப் பற்று. அதே பற்று அவர்களைத் தமக்குள் மட்டும் பேசிக்கொள்வோராகவும் ஆக்கிவிடுகிறது. (தன்னார்வலர்களால் நடக்கும் எம்முயற்சிக்கும் இது பொருந்தும்.)

யார் யாருக்காகப் பேசுவது?

பெண்களுக்காகப் பெண்களும், கறுப்பினத்தவருக்காகக் கறுப்பினத்தவரும்தான் பேச வேண்டுமா? 1999 இல் வெளிவந்த இவரது புகழ்பெற்ற கட்டுரை இக்கேள்விக்கு, சூழலைப் பொறுத்து ஆம் என விடையளிக்கிறது. அத்தகைய சூழல்கள் நான்கு. வாக்காளருக்கும் உறுப்பினருக்கும் இடையே அவநம்பிக்கை நிலவும்போது, ஒரு குழுவின் நலன்கள் இன்னும் தெளிவாக உருப்பெறாதபோது, அக்குழுவினர் ஆளத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட வரலாறு இருக்கும்போது, முற்காலப் பாகுபாட்டால் ஆட்சியின் ஏற்புடைமை குன்றியிருக்கும்போது. இடக்கைப் பழக்கமுடையோருக்கும் தனி இடம் தருவதா என்னும் வழக்கமான எதிர்க்கேள்விக்கு இதிலேயே விடை உள்ளது: அவர்களுக்கு இச்சூழல்கள் பொருந்துவதில்லை.

இரண்டாவது சூழலே சிந்தனைக்கு மிகுதியும் இடம் தருவது. தேர்தலின்போது எவரும் எழுப்பாத பிரச்சினை பின்னர் அவைக்கு வரலாம். அப்போது கட்சியின் வாக்குறுதிகள் வழிகாட்டா, உறுப்பினரின் சொந்த அனுபவமே வழிகாட்டும். 1993 இல் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி அடங்கிய சின்னமொன்றின் வடிவமைப்புக் காப்புரிமையைப் புதுப்பிக்கும் முயற்சி செனட் அவையில் நடந்தது. அப்போது அவையின் ஒரே கறுப்பின உறுப்பினராக இருந்த கரோல் மோஸ்லி பிரான் அதை எதிர்த்து உரையாற்றினார். முயற்சி தோல்வியடைந்தது.

இதற்கு விலையும் உண்டு என்பதை இவர் மறைக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் மாறாத ஒரே இயல்பு உண்டு என்ற எண்ணம் வலுப்படலாம். தம்மைப் போன்றவர் என்பதற்காகவே, சரியாகச் செயல்படாத உறுப்பினரை மக்கள் பொறுத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே இவர் நிரந்தர ஒதுக்கீட்டைவிட நெகிழ்வான வழிமுறைகளையே விரும்புகிறார்.

2003 இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் பதிலிப் பிரதிநிதித்துவம் என்னும் கருத்தை விளக்கினார். தாம் வாக்களிக்க இயலாத வேறொரு தொகுதியின் உறுப்பினர், தமக்காகவும் அவையில் பேசுவதை இது குறிக்கும்.