கொழுப்பிழையமும் இன்சுலின் உணர்திறனும்

இன்சுலின் உணர்திறன் என்பது, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்னும் இயக்குநீருக்குத் தசை, கல்லீரல், கொழுப்பிழையம் ஆகியவை எந்த அளவுக்கு இணங்கிச் செயல்படுகின்றன என்பதைக் குறிக்கும். இது குறைந்த நிலை இன்சுலின் எதிர்ப்பு எனப்படும். அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் இன்சுலின் சுரக்க இயலாதபோது இரண்டாம் வகை நீரிழிவு நோய் தோன்றுகிறது. உடலில் கொழுப்பு எவ்வளவு உள்ளது என்பதோடு, எங்கே உள்ளது என்பதும் இவ்வுணர்திறனைப் பாதிக்கிறது.

இயங்குமுறை

உணவில் மிஞ்சும் ஆற்றலைத் தோலடிக் கொழுப்பிழையம் சேமித்து வைக்கிறது. அதன் கொள்ளளவு போதாதபோது கொழுப்பணுக்கள் பருத்து, கொழுப்பமிலங்கள் இரத்தத்தில் மிகுகின்றன. அவை கல்லீரலிலும் தசையிலும் படிந்து, உயிரணுக்களுக்குள் இன்சுலினின் சமிக்ஞையைத் தடை செய்கின்றன. இதனால் தசை குறைவான குளுக்கோசையே ஏற்கிறது. கல்லீரலோ தேவையின்றிக் குளுக்கோசை வெளியிடுகிறது. குடலைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்து வரும் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்வதால் வயிற்றுக் கொழுப்பு கூடுதல் கேடு தருவதாகக் கருதப்படுகிறது.

கொழுப்பிழையம் வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. பருத்த இழையத்தில் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் மிகுவதும், உணர்திறனைக் கூட்டும் அடிப்போனெக்டின் என்னும் இயக்குநீர் குறைவதும் அறியப்பட்டுள்ளன.

கொழுப்பே இல்லாவிடில் நலம் என்று கொள்வதும் தவறாகும். பிறவியிலேயே கொழுப்பிழையம் ஏறத்தாழ இல்லாதவர்களுக்குக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு உண்டாகிறது. சேமிக்க இடமின்றிக் கொழுப்பு அவர்களது கல்லீரலில் படிவதே இதற்கு முக்கியக் காரணம்.

இந்தியரிடையே

புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் ஆகியோர் 2004இல் லான்செட் இதழில் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். இருவருக்கும் உடல் நிறை குறியெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. 'ஒல்லியானவருக்குச் சர்க்கரை வராது' என்னும் பரவலான நம்பிக்கை இங்கே பொருந்துவதில்லை. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எனக் குறைத்து வைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, பொதுவான உடற்பருமன் 28.6 விழுக்காட்டினருக்கும் வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினருக்கும் இருப்பதாகக் கணித்தது. நீரிழிவு நோய் இந்திய அளவில் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு.

சென்னையைச் சேர்ந்த இராமச்சந்திரன், சினேகலதா குழுவினர், அடிப்போனெக்டின் அளவு குறைந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என 2003இல் காட்டினர். இவர்களே நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களுள், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நோயாளராயினர். உணவையும் நடைப்பயிற்சியையும் சீர்செய்துகொண்ட குழுவில் இது 39.3 விழுக்காடு. இக்குழுவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உழைக்கும் தசை, இன்சுலினின் துணையின்றியும் குளுக்கோசை உள்வாங்கவல்லது.