சீருடையோடு நின்றுவிடும் ஹெவிவெயிட்கள்

1980 ஜனவரி 27 அன்று டெல்லி நேஷனல் ஸ்டேடியத்தில் முகமது அலியின் முன்னால் நான்கு சுற்றுகள் நின்றார் கவுர் சிங். அது காட்சிப் போட்டிதான், பட்டம் எதுவும் பணயத்தில் இல்லை. அலிக்கு அப்போது 38 வயது, ஓய்வையும் அறிவித்திருந்தார். கவுர் சிங் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்துக்காரர், ராணுவ வீரர், நாட்டின் ஹெவிவெயிட் சாம்பியன். அதே பயணத்தில் சென்னைக்கும் வந்த அலி, நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் மோதிக் காட்டினார். கவுர் சிங் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ பெற்றார், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார். அவருடைய கதை அங்கே முடிந்துவிட்டது. அலியின் கதையோ 1960 ரோம் ஒலிம்பிக் தங்கத்தில்தான், 18 வயதில், தொடங்குகிறது. ஒருவர் முடித்த இடத்தில் இன்னொருவர் தொடங்கியிருக்கிறார். இந்திய ஹெவிவெயிட் ஒருவர் அமெச்சூர் வளையத்திலிருந்து கிளம்பித் தொழில்முறை உலக சாம்பியன் ஆனதாக இன்றுவரை வரலாறு இல்லை.

ஏன் என்று கேட்டால் தயாராக இரண்டு பதில்கள் வரும். நம் உடல்வாகு அதற்கு ஏற்றதல்ல என்பது ஒன்று. கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் வாதம். அமெச்சூர் சாம்பியனுக்கும் தொழில்முறை சாம்பியனுக்கும் நடுவே மூன்று நான்கு ஆண்டுகள் நீளும் ஒரு தொழிற்பயிற்சிக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் வீரனுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரே ஒரு பதில்தான் இருந்துவந்திருக்கிறது: அரசுச் சீருடை. நம் ஹெவிவெயிட்களை உருவாக்கியதும் அந்தச் சீருடைதான், அமெச்சூர் எல்லையைத் தாண்டவிடாமல் நிறுத்தியதும் அதுதான்.

இரண்டு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலை வேறு. ஒலிம்பிக்கில் தலா மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்று, ஆக ஒன்பது நிமிடங்கள். தொழில்முறைப் பட்டச் சண்டையில் பன்னிரண்டு சுற்று, அதாவது முப்பத்தாறு நிமிடங்கள். ஒன்பது நிமிடச் சண்டையில் வேகமாகத் தொட்டுவிட்டு விலகுபவனுக்கு மதிப்பெண் சேரும், பின்தங்கினால் ஈடுகட்ட நேரம் கிடையாது. முப்பத்தாறு நிமிடச் சண்டையில் முதல் நான்கு சுற்றுகளை எதிராளியின் விலாவிலும் வயிற்றிலும் முதலீடு செய்யலாம். அந்த அடிக்கு அப்போது மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒன்பதாவது சுற்றில் எதிராளியின் கைகள் தாமாகக் கீழே இறங்கும். மூச்சை எப்படிப் பங்கிடுவது, எதிராளியைக் கட்டிப்பிடித்து எப்படி இளைப்பாறுவது, கிழிந்த புருவத்தோடு எப்படி மூன்று நிமிடம் ஓட்டுவது என்பதையெல்லாம் பயிற்சிக் கூடத்தில் மணல்மூட்டையைக் குத்திக் கற்க முடியாது. சண்டை போட்டுத்தான் கற்க வேண்டும், அதுவும் படிப்படியாக.

அலி அப்படித்தான் கற்றார். ரோமிலிருந்து திரும்பியதும் லூயிவில் நகரத்துப் பணக்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்து அவருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கையெழுத்துக்கு 10,000 டாலர், பயிற்சிச் செலவு முழுவதும் அவர்களுடையது, வருமானத்தில் 15 சதவீதம் ஓய்வுக்கால நிதிக்கு. 1960 அக்டோபரில் அவருடைய முதல் தொழில்முறை எதிராளி டனி ஹன்சாக்கர், மேற்கு வர்ஜீனியாவின் சிற்றூர் ஒன்றில் போலீஸ் தலைவராக இருந்தவர். ஆறு சுற்றுப் போட்டி. பிறகு எட்டு, பத்து என்று சுற்றுகள் கூடின, எதிராளிகளின் தரமும் கூடியது. 1962-இல் சோனி பேங்க்ஸ் அவரை ஒருமுறை தரையில் உட்கார வைத்தார். 1963 ஜூனில் லண்டன் வெம்பிளியில், நான்காவது சுற்றின் கடைசி நொடிகளில், ஹென்றி கூப்பரின் இடது கை அவரைக் கயிற்றோடு சாய்த்துக் கீழே தள்ளியது. எழுந்தார், மணி அடித்தது, மூலைக்கு நடந்தபோதும் கண்ணில் தெளிவில்லை. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி மயக்கம் தெளிவிக்கும் உப்பை மூக்கில் காட்டினார், கிழிந்திருந்த கையுறையை நடுவரிடம் நீட்டிக் காட்டினார். அடுத்த சுற்றிலேயே கூப்பரின் புருவத்தைக் கிழித்து அலி வென்றார். எட்டு மாதம் கழித்து, 1964 பிப்ரவரி 25 அன்று, தன் இருபதாவது தொழில்முறைச் சண்டையில் சோனி லிஸ்டனை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். கூப்பரிடம் விழுந்தது அவருக்குக் கிடைத்த பாடம். அந்தப் பாடத்தைப் பட்டச் சண்டைக்கு முன்பே வாங்கித் தரும் அளவுக்கு அவரைச் சுற்றியிருந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

மற்றவர்களின் கணக்கும் ஏறக்குறைய இதே. 1968 மெக்சிகோ தங்கத்துக்குப் பின் ஜார்ஜ் ஃபோர்மன் 37 சண்டைகளை வென்றுவிட்டுத்தான் 1973-இல் ஜோ ஃப்ரேசியரிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். 2012 லண்டனில் தங்கம் வென்ற அந்தோணி ஜோஷுவாவுக்குப் பதினாறாவது சண்டையில் உலகப் பட்டம் கிடைத்தது. அதே லண்டனில் தங்கம் வென்ற உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் முதலில் ஒரு படி கீழே, க்ரூசர்வெயிட்டில், எல்லாப் பட்டங்களையும் சேர்த்தார். பிறகு உடலை ஏற்றிக்கொண்டு 2021-இல் ஜோஷுவாவையும் 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃப்யூரியையும் தோற்கடித்தார்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. அதைக் காட்டி யாராவது என்னை மடக்கலாம். லியோன் ஸ்பிங்க்ஸ் அமெரிக்க மரைன் படையில் இருந்தவர், 1976 மாண்ட்ரியாலில் தங்கம் வென்றவர், 1978 பிப்ரவரியில் தன் எட்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே அலியைத் தோற்கடித்தார். சீருடைக்காரர், இடைக்காலமும் இல்லை, ஆனாலும் உலக சாம்பியன். சரிதான். ஆனால் அவர் வென்றது முப்பத்தாறு வயதை எட்டி, போதிய பயிற்சி இல்லாமல் வந்து நின்ற அலியை. ஏழு மாதத்தில் அதே அலி பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார், ஸ்பிங்க்ஸ் மறுபடி அந்த உயரத்துக்கு வரவே இல்லை.

பிரெஞ்சு உறவுள்ள புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய எடுத்துக்காட்டு இன்னும் அண்மையது. பாரிஸில் பிறந்த தோனி யோகா, 2016 ரியோவில் பிரான்சுக்கு சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வாங்கித் தந்தவர். கனால் ப்ளூஸ் தொலைக்காட்சி பெரும் ஒப்பந்தம் போட்டது, அவருடைய சண்டைத் தொடருக்கே படையெடுப்பு போலப் பெயர் வைத்தார்கள். சாம்பியன் ஆகும் முன்பே சாம்பியனாக விற்றாயிற்று. தோல்வி படாமல் காக்கப்பட்ட அந்த வெற்றிப் பட்டியல் 2022 மே மாதம் பாரிஸில் மார்ட்டின் பகோலே என்ற கனத்த கையிடம் உடைந்தது. 2023-இல் மேலும் இரண்டு தோல்விகள். ஆக, வெறும் பணம் வேலை செய்யாது. சரியான நேரத்தில் சரியான அளவு கடினமான எதிராளியைத் தேடித் தரும் மேட்ச்மேக்கரின் கணக்கும், அந்த எதிராளிகள் பிழைக்கும் சிறு அரங்குகளும் வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். 1966-இலும் 1970-இலும் ஆசிய விளையாட்டு ஹெவிவெயிட் தங்கம் வென்ற ஹவா சிங் ராணுவத்துக்காரர். கவுர் சிங் ராணுவம். ஒலிம்பிக் சூப்பர் ஹெவிவெயிட் பிரிவுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியரான சதீஷ் குமாரும் ராணுவம்தான். கபடி ஆடிக்கொண்டிருந்த புலந்த்சாகர் இளைஞரின் உயரத்தைப் பார்த்துக் கையுறை மாட்டிவிட்டது ராணுவப் பயிற்சியாளர்களே. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு கிராமத்துப் பையனுக்கு நாளுக்கு நாலு வேளை சத்துள்ள சாப்பாடு, கூடம், வாத்தியார், மாதச் சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் அமைப்பு வேறு எது இருந்தது? அதைக் குறை சொல்வதற்கில்லை. சீருடையின் அருமை புதுச்சேரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்களின் ஓய்வூதியத்தில் தலைநிமிர்ந்த தெருக்கள் இங்கே உண்டு. ஆனால் சம்பளத்தோடு ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தே வருகிறது. அரசு ஊழியர் அனுமதியில்லாமல் வெளியே வேலை பார்த்துச் சம்பாதிக்கக் கூடாது. தொழில்முறைக் குத்துச்சண்டை அப்படி ஒரு வெளிவேலை. பையன் இருபத்தைந்து வயதில் தேர்வு செய்ய வேண்டும்: உறுதியான ஓய்வூதியமா, உறுதியில்லாத பன்னிரண்டு சுற்றா? குடும்பம் உள்ள எவனும் முதலாவதைத்தான் எடுப்பான்.

பிரெஞ்சுப் பேரரசின் மற்றொரு மூலையில் பிறந்த ஒருவருக்கு வேறு வழி கிடைத்தது. செனகலின் செயிண்ட் லூயி நகரில் பிறந்த பேட்லிங் சிகி முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சண்டையிட்டுப் பதக்கங்கள் வாங்கியவர். சீருடையைக் கழற்றியதும் பிரான்சிலும் அண்டை நாடுகளிலும் சிறிய அரங்குகள் அவருக்குக் காத்திருந்தன. ஊர் ஊராகக் குத்திப் பழகியவர், 1922 செப்டம்பரில் பாரிஸில் ஜார்ஜ் கார்ப்பாந்தியேவை ஆறாவது சுற்றில் படுக்க வைத்து லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை எடுத்தார். நடுவர் முதலில் சிகியைத் தகுதிநீக்கம் செய்யப் பார்த்தது தனிக் கதை. (அமெரிக்காவில் நடந்ததோ இன்னும் வேடிக்கை: 1967-இல் சீருடை அணிய மறுத்ததற்காகவே அலியின் பட்டம் பறிக்கப்பட்டது.)

உடல்வாகு வாதத்துக்கு வருகிறேன். உசிக் ஹெவிவெயிட்களில் சிறிய ஆள். தன்னைவிட உயரமும் கனமும் கூடிய ஃப்யூரியை இரண்டு முறை வென்றவர். சதீஷ் குமாரைப் பாருங்கள். டோக்கியோவில் முதல் சுற்றில் ஜமைக்காவின் ரிகார்டோ பிரவுனை வென்றபோது அவர் முகம் கிழிந்தது. பதின்மூன்று தையல்களோடு காலிறுதியில் ஏறி, மூன்று சுற்றும் நின்று தோற்றார். அந்தக் காலிறுதியின் எதிராளி உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலோவ். அவர் அதற்குள் தொழில்முறையில் எட்டுச் சண்டைகளை வென்றிருந்தவர் என்பதுதான் இங்கே முக்கியம். 2016 முதல் தொழில்முறை வீரர்களுக்கும் ஒலிம்பிக் திறந்துவிட்டது. ஒருவர் இரண்டு வளையத்திலும் கற்றவர், இன்னொருவர் ஒன்றில் மட்டும். அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு எலும்பையும் சதையையும் பேசுவதில் பொருளில்லை.

பார்க்க ஆள் வராது என்பதையும் ஏற்பதற்கில்லை. வட சென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக்கொண்டு, போஸ்டர் ஒட்டி, டிக்கெட் விற்று, வாத்தியார்களின் மானப் பிரச்சினையாகச் சண்டை நடந்த காலம் ஒன்று இருந்தது. பா. ரஞ்சித்தின் 2021 படத்துக்குப் பிறகு அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கப்பல்துறையிலும் தறியிலும் வேலை பார்த்தவர்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். அது விரிவடைந்து முறையான தொழிலாக மாறாமல் போனதற்கு ரசிகர்கள் பொறுப்பல்ல.

விஜேந்தர் சிங் போனாரே என்று கேட்கலாம். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வென்ற மிடில்வெயிட் அவர், ஹரியானா காவல்துறையில் டி.எஸ்.பி.யாக இருந்தவர். 29 வயதில், 2015-இல் தொழில்முறைக்கு மாறியபோது அரசு வேலையில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போயிற்று. மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து பயிற்சி எடுத்தார். 2016 ஜூலையில் டெல்லியில் கெர்ரி ஹோப்பைப் பத்துச் சுற்றுகளில் வென்று டபிள்யூ.பி.ஓ. ஆசிய பசிபிக் பட்டம் பெற்றார். அது வட்டாரப் பட்டம், உலகப் பட்டத்துக்குக் கீழே உள்ள படி. அதற்கு மேல் ஏறும் முன் வயதும் அரசியலும் வந்துவிட்டன. நாட்டின் மிகப் பிரபலமான குத்துச்சண்டை வீரரே இங்கிலாந்து போய்த்தான் தொடங்க வேண்டியிருந்தது, அதுவும் ஏழெட்டு ஆண்டு தாமதமாக. இது என் வாதத்துக்கு எதிரான சாட்சியாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக வரும் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. தொழில்முறைக் குத்துச்சண்டை மூளையைத் தின்னும் தொழில், புரமோட்டர்கள் சுரண்டுவார்கள், பாதுகாப்பான அரசு வேலையிலிருந்து ஒருவனை ஏன் அங்கே தள்ள வேண்டும்? அலியின் கடைசி முப்பது ஆண்டுகளைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கத்தான் செய்வார்கள். எல்லோரும் போக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் சீருடை முழுப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையைக் கவுர் சிங்கின் முதுமை கேள்விக்குள்ளாக்குகிறது. 2017-இல் இதய நோய் சிகிச்சைக்காக அவர் வட்டிக்குக் கடன் வாங்கிய செய்தி வெளியான பிறகுதான் ராணுவமும் மற்றவர்களும் உதவிக்கு வந்தார்கள். 2023 ஏப்ரலில் காலமானார். லூயிவில் வியாபாரிகள் பதினெட்டு வயதுப் பையனின் ஒப்பந்தத்தில் ஓய்வுக்கால நிதியை எழுதி வைத்தது கருணையினால் மட்டும் இருக்காது. ஆனாலும் எழுதி வைத்தார்கள். அதை இங்கே எழுத முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. தேசிய முகாமுக்கு விடுப்பு தரும் ராணுவமும் காவல்துறையும், வேலையைப் பறிக்காமல் மூன்றாண்டு தொழில்முறை விடுப்பு தரலாம். நான்கு, ஆறு சுற்றுப் போட்டிகளை ரோட்டக்கிலோ ராயபுரத்திலோ உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கிலோ, மருத்துவரை வைத்து, மாதம் ஒருமுறை நடத்தலாம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சூப்பர் ஹெவிவெயிட் வெண்கலம் வென்ற நரேந்தர் பெர்வாலும் ராணுவத்துக்காரர்தான். அரையிறுதியில் அவரைத் தோற்கடித்த கஜகஸ்தானின் கம்ஷிபெக் குங்காபயேவ், தொழில்முறை வளையத்திலும் சண்டையிட்டுப் பழகியவர்.