குழந்தை நூலின் பக்கங்களில் யாருக்கு இடம்?

பள்ளிகளில் நிற அடிப்படையிலான பிரிவினை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் 1954ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பு, கறுப்பின உளவியலாளர் கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கையைச் சான்றாகக் கொள்கிறது. அவரும் அவருடைய இணையர் மேமி கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளை நிறப் பொம்மைகளையும் பழுப்பு நிறப் பொம்மைகளையும் வைத்து, எது நல்ல பொம்மை எனக் கேட்டிருந்தனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே சுட்டிக்காட்டினர். தன்னைத் தாழ்வாக எண்ண ஒரு குழந்தைக்குக் கற்பிக்கும் சமூகத்தின் மீதான குற்றப்பத்திரிகை அது. எனினும், வகுப்பறையின் கதவைத் திறக்க ஆணையிட்ட தீர்ப்பு, உள்ளே இருந்த புத்தகங்களைத் தொடவில்லை.

அப்புத்தகங்களின் நிலையை 1965இல் நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் கணக்கிட்டார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களில், எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பினத்தவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே, அதாவது 6.7 விழுக்காடு. சமகாலக் கறுப்பின வாழ்வைச் சொன்னவை ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சி அதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டது. டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ், ஜெஸ்ஸி ஃபாசெட் முதலானோர் 'தி பிரௌனீஸ் புக்' என்னும் சிறுவர் மாத இதழை 1920 ஜனவரியில் தொடங்கினர். லாங்ஸ்டன் ஹியூஸின் தொடக்ககாலக் கவிதைகள் அதில் வெளியாயின. 24 இதழ்களுடன் 1921 டிசம்பரில் அது நின்றுபோனது. இதே டுபாய்ஸுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டது அக்கடிதம். அரசியல் உரிமைக்காக மனு எழுதிய தலைமுறை, குழந்தைகளுக்கான இதழையும் அதே போராட்டத்தின் பகுதியாகக் கண்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

லாரிக்கின் கணக்கு வெளிவந்த அதே 1965இல், குழந்தை நூல்களில் இனச்சமத்துவம் கோரும் குழு ஒன்று உருவாகி, கறுப்பினப் புது எழுத்தாளர்களுக்குப் போட்டி நடத்தியது. வால்டர் டீன் மையர்ஸும் மில்ட்ரெட் டெய்லரும் அப்போட்டியின் வழியே வந்தவர்கள். குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி விருதை 1975இல் வர்ஜீனியா ஹாமில்டன் பெற்றார்; கறுப்பின எழுத்தாளர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 1977இல் டெய்லரின் நாவல் அவ்விருதைப் பெற்றது. 1930களின் மிசிசிப்பியில் நிகழும் அந்நாவலில், வெள்ளையர் பள்ளி பயன்படுத்திக் கழித்த பாடநூல்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தரப்படுகின்றன. யார் யாரிடம், எந்த நிலையில் அந்நூல் இருந்தது என்பது அட்டையின் உட்புறத்தில் பட்டியலாகவே இருக்கிறது. பாகுபாடு ஓர் உணர்வு மட்டுமன்று, பதிவேட்டில் எழுதப்பட்ட நிர்வாகம் என்பதைக் குழந்தைக்கும் விளங்கும்படி சொன்ன காட்சி அது.

கறுப்பினத்தவரைப் 'பற்றி' எழுதப்படுவதும் அவர்களே எழுதுவதும் ஒன்றல்ல. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் 1985இல் எடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பினப் படைப்பாளிகளுடையவை 18 மட்டுமே. 2013இல் அம்மையம் பார்த்த ஏறத்தாழ 3,200 நூல்களில் கறுப்பினத்தவரைப் பற்றியவை 93. பேராசிரியர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் நூல்களைக் கண்ணாடிக்கும் சாளரத்துக்கும் ஒப்பிட்டார். தன்னைக் காணக் கண்ணாடியும் பிறரைக் காணச் சாளரமும் ஒவ்வொரு குழந்தைக்கும் தேவை. ஆதிக்கச் சமூகத்தின் குழந்தைக்குக் கண்ணாடி மட்டுமே வாய்த்தால், உலகமே தனக்குரியது என்னும் பொய்யை அது கற்றுக்கொள்கிறது.

எழுதி அச்சேறிய நூலும் நூலகத்தில் நிலைத்திருப்பதற்கு உறுதி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் கல்வி வாரியம் 1976இல் பள்ளி நூலகத்திலிருந்து நீக்கிய நூல்களில், லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பினச் சிறுகதைகளும் ஆலிஸ் சில்ட்ரஸின் இளையோர் நாவலும் இருந்தன. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலை நீக்கக் கூடாது என்பது 1982இல் உச்ச நீதிமன்றத்தின் முதன்மைக் கருத்து. ஆனால் நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஒரே காரணத்தில் உடன்படாததால், அதன் பிணைப்புத் தன்மை இன்றும் சர்ச்சைக்குரியதே. நியூபெரி விருது பெற்ற ஜெரி கிராஃப்டின் 'நியூ கிட்' நூலை 2021இல் டெக்சாஸின் கேட்டி பள்ளி மாவட்டம் தற்காலிகமாக விலக்கி, மறு ஆய்வுக்குப் பின் திருப்பி வைத்தது.

ஆகவே, பன்மைத்துவத்தைக் கொண்டாடுவோர் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்: நூலில் யார் இருக்கிறார்கள்? அதை யார் எழுதினார்கள்? அது அலமாரியில் நிற்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? முதல் கேள்விக்கான விடையோடு நின்றுவிடும் கொண்டாட்டம் சலுகையாகச் சுருங்கிவிடும். மூன்றுக்கும் விடை கோரும்போதுதான் அது உரிமையாகிறது.