இது வேற பிளேடு மச்சி!

மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச கையோட ரெண்டு மணி கிளாஸ்ல போய் உட்கார்ந்தா, அதுக்கு நம்ம ஊர்ல பேரு 'பிளேடு'. கொஞ்சம் நீண்டா 'ரம்பம்'. பெல் அடிச்சும் முடியலைன்னா 'அறுவை'. ஆனா, இந்த மூணையும் காசு கொடுத்து வாங்கி வீட்டுல வைக்க ஆசைப்படுற ஒரு கோஷ்டியும் கேம்பஸ்ல இருக்கு. புக் ஷெல்ஃப், ஸ்பீக்கர் பாக்ஸ், ஸ்டடி டேபிள்னு எல்லாத்தையும் நாமளே செஞ்சா என்னன்னு கிளம்புற மரவேலைப் பிரியர்கள். நாலு வீடியோ பார்த்ததுமே அவங்க கண்ணு போய் நிக்கிற இடம், 'டேபிள் சா'.

விஷயம் சிம்பிள். ஒரு மேஜை, நடுவுல ஒரு பிளவு, அதுல எட்டிப் பார்க்குற வட்ட ரம்பம். கைரம்பத்துல மரம் சும்மா கிடக்கும், ரம்பம் ஓடும். இங்கே ரம்பம் ஒரே இடத்துல சுத்தும், நாம மரத்தைத் தள்ளணும். பக்கத்துல 'ஃபென்ஸ்'னு ஒரு நீளமான தடுப்பு. மரத்தை அதுல ஒட்டித் தள்ளினா, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா அறுத்துக் கொடுக்கும். சூப்பர்தான். ஆனா அவசரப்பட்டு கடைக்கு ஓடாதீங்க பாஸ்!

எதை அறுக்கப் போறீங்க?

மெஷினோட விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் வேணும். தேக்கு, வேம்பு பலகையை நீளவாக்கில் கிழிச்சு சட்டம் எடுக்குறதுக்கு டேபிள் சாவை அடிச்சுக்க ஆளே இல்லை. ஆனா, பல பேர் வாங்குறது ப்ளைவுட். அது 8 அடிக்கு 4 அடி. 18 மி.மீ. ஷீட்னா எடை 30 கிலோவைத் தாண்டும். அதை நீளவாக்கில் சரிபாதியாக் கிழிக்கணும்னா, பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவுல 24 இஞ்ச் இடம் வேணும். சின்ன மெஷின்கள் பலதுல அது கிடையாது. போதாக்குறைக்கு, ஷீட் உள்ளே போக 8 அடி, வெளியே வர 8 அடி. உங்க வீட்டு ஹால் தாங்குமா?

அதனால, ப்ளைவுட் மட்டும்தான் உங்க வேலைன்னா கையில பிடிக்குற சர்க்குலர் சாவும், நேரான அலுமினியப் பட்டையும், ரெண்டு 'கிளாம்ப்'பும் போதும். பெரிய ஷீட்டை அதுல துண்டு போட்டுக்கலாம். டேபிள் சா அப்புறம் வரட்டும்.

மூணு ரகம்

* தூக்குற ரகம்: 20 முதல் 40 கிலோ. மோட்டார் 1,500 - 1,800 வாட். வேலை முடிஞ்சதும் ஓரங்கட்டலாம். வீட்டுக்கு இதுதான் ஏத்தது. குறை, சத்தம். ஃப்ளாட்ல குடியிருந்தா பக்கத்து வீட்டு அங்கிள் நிச்சயம் கதவைத் தட்டுவார்.
* நடு ரகம்: பெல்ட் போட்டு ஓடும் மோட்டார், ஒன்றரை, ரெண்டு ஹெச்.பி. சத்தம் கம்மி. வெச்ச இடத்துலேயே இருக்கும்.
* 'கேபினட்' ரகம்: வார்ப்பிரும்பு மேஜை, 3 ஹெச்.பி.க்கு மேல, எடை 200 கிலோ சுமார். இது பட்டறைக்காரங்க சமாசாரம்.

கரன்ட் கணக்கு

1,800 வாட் மெஷின் நம்ம 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜ் போடுற சாதா பிளக் உதவாது. ஏ.சி.க்குப் போடுற 16 ஆம்பியர் பவர் பிளக் வேணும். ஒல்லி எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகி உருகும்.

'அமெரிக்கா மாமா வர்றப்போ ஒண்ணு கொண்டு வரச் சொல்லட்டுமா?' வேண்டாம். அங்கே 120 வோல்ட். இங்கே அப்படியே சொருகினா மோட்டார் அவுட்!

கடையில் செக் பண்ணுங்க

ஃபென்ஸைப் பூட்டிட்டு, பிளேடோட முன் பல்லுக்கும் ஃபென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளங்க. பிளேடைக் கையால சுத்தி, அதே பல்லைப் பின்னாடி கொண்டு போய் மறுபடி அளங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். பின்பக்கம் குறுகினா மரம் நெருக்கப்படும், அதுதான் ஆபத்து. பிளேடோட நடு ஓட்டை அளவையும் கேட்டுக்கோங்க. 25.4 மி.மீ., 30 மி.மீ.னு மாறும். நீளவாக்குக்கு 24 பல், ப்ளைவுட்டுக்கு 60 பல் பிளேடு நல்லது.

விரல் பத்திரம்!

10 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 4,000 சுத்து சுத்தினா, பல் நுனியோட வேகம் மணிக்கு 190 கி.மீ. 2003 உலகக் கோப்பையில சோயிப் அக்தர் போட்ட பந்து 161.3 கி.மீ.தான்! பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவுல மரம் சிக்கினா, பின்பக்கப் பல் அதைத் தூக்கி உங்க மேலேயே எறியும். இதுக்குப் பேரு 'கிக்பேக்'. இழுத்துட்டுப் போற மரத்தோட கையும் போறதுதான் கொடுமை. இதைத் தடுக்க பிளேடுக்குப் பின்னாடி நிக்கிற மெல்லிய தகடு, 'ரைவிங் நைஃப்'. அது இல்லாத மெஷினை பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீங்க.

அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா பிளேடு பட்டு சிகிச்சைக்கு வர்றதா அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கு சொல்லுது. இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சவர் ஸ்டீவன் காஸ். இயற்பியல்ல டாக்டர் பட்டம், தொழிலோ காப்புரிமை வக்கீல். காய்ஞ்ச மரம் மின்சாரம் கடத்தாது, நம்ம உடம்பு கடத்தும். இந்த வித்தியாசத்தை பிளேடே உணர்ந்தா? 1999-ல இந்த ஐடியாவைப் பிடிச்சார். தோல் பட்டதும் ஒரு அலுமினியக் கட்டை பாய்ஞ்சு பிளேடை 5 மில்லி செகண்டில் நிறுத்தும். அதாவது, பிளேடு அரைச் சுத்து கூட முடிக்காது! சாஸேஜை வெச்சு ஊர் ஊரா டெமோ காட்டினார். பெரிய கம்பெனிகள் கைவிரிக்க, 'சாஸ்டாப்'னு தானே மெஷின் தயாரிச்சு 2004-ல விற்பனைக்கு விட்டார்.

டூப்பு வேண்டாம்

மார்பிள் கட்டரைத் தலைகீழா ஒரு பலகைக்கு அடியில மாட்டி 'டேபிள் சா ரெடி'ங்கிற வித்தை நம்ம ஊர்ல ரொம்பப் பிரபலம். அது நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேல ஓடுற மெஷின். ரைவிங் நைஃப் கிடையாது, பிளேடு கார்டு கிடையாது, அவசரத்துக்குத் தட்டுற பெரிய ஸ்விட்சும் கிடையாது. மிச்சமாகுறது சில ஆயிரம். பந்தயம் வெக்கிறது விரலை. நீங்களே கணக்குப் போடுங்க.

ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி...

* மரத்தைத் தள்ள 'புஷ் ஸ்டிக்'. பிளேடு பக்கத்துல விரல் போகவே கூடாது.
* பிளேடுக்கு நேர் பின்னாடி நிக்காம ஒதுங்கி நில்லுங்க.
* கிளவுஸ், துப்பட்டா, தொளதொள சட்டை எல்லாம் கட்!
* ஃபென்ஸோ குறுக்கு வெட்டு கைடோ இல்லாம வெறும் கையில அறுக்காதீங்க.
* கண்ணாடி, காதடைப்பான், மாஸ்க் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பே அறிவிச்சிருக்கு.
* பிளேடு மாத்துறப்போ பிளக்கைப் பிடுங்குங்க.

பட்ஜெட் போடும்போது மெஷினுக்கு மட்டும் மொத்தக் காசையும் கரைச்சுடாதீங்க. நல்ல பிளேடு, கண்ணாடி, மாஸ்க், புஷ் ஸ்டிக் எல்லாத்துக்கும் ஒரு பங்கு எடுத்து வைங்க. பக்கத்து பட்டறை ஆசாரி அண்ணன்கிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை நின்னு வேடிக்கை பார்த்து, அவர் கைபக்குவத்தைக் கவனிங்க. ஷெல்ஃப் கோணலா வந்தா இன்னொண்ணு செஞ்சுக்கலாம். விரல் பத்தும் ஒரிஜினல் பீஸ், ஸ்பேர் கிடைக்காது மச்சி!