சாயத் தண்ணீருக்கு யார் காசு?

பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள், 2022-23 நிதியாண்டிலிருந்து லாப நட்டக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் காட்டியாக வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், எவ்வளவு கழிவை வெளியே விட்டீர்கள், எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டுகிறீர்கள் என்று நீளும் இந்தப் படிவத்துக்கு பி.ஆர்.எஸ்.ஆர். என்று பெயர், கேட்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி. இதை ஒழுங்காக எழுதினால் லாபம் கூடுமா?

கூடும் என்பவர்களுக்கு ஆதாரம் உண்டு. 2,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தாரும் பங்கேற்ற தொகுப்பாய்வு ஒன்று 2015-ல் வந்தது. சுமார் 90 சதவீத ஆய்வுகளில், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பால் வருமானம் கெட்டதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் ஒரு சந்தேகம். கையில் காசு புரளும் கம்பெனிதானே கன்சல்டன்ட் வைத்து வழவழப்பான தாளில் அறிக்கை போட முடியும்? லாபம் முந்தியதா, அறிக்கை முந்தியதா? போதாததற்கு, அதே 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு வாகனத் துறையில் முதலிடம் தந்தது ஃபோக்ஸ்வாகனுக்கு. அதே கம்பெனியின் டீசல் புகை மோசடி வெளிவந்ததும் அந்த மாதம்தான்.

அறிக்கையை விட்டு, பின்னலாடைத் துணிக்குச் சாயம் போடும் திருப்பூருக்கு வந்தால் கணக்கு வேறு மாதிரி. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, நொய்யல் ஆற்றில் வந்த சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. மறுபடி திறந்தவை, சொட்டுக் கழிவும் ஆற்றில் விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு வந்தன. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள். தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது, உப்பும்கூட. ஆனால் காய்ச்சுவதற்கு விறகும் கரண்டும் வேண்டுமே! அந்தச் செலவு கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக்கூலியில் ஏறுகிறது.

வெளிநாட்டு பையருக்கு இந்தச் சுத்தம் வேண்டும். ஆடிட் அனுப்பிச் சரிபார்ப்பார். விலை பேசும்போது மட்டும், இந்தக் கட்டுப்பாடே இல்லாத ஊர்களின் ரேட்டை எடுத்து நீட்டுவார். 'நீர் மாசு இல்லாத ஆடை' என்ற பெருமை பிராண்டின் அறிக்கையில் ஏறும். செலவு பட்டறைக்காரர் தலையில் விழும். அறிக்கை எழுதுபவருக்கு லாபம் கூடுவதில் என்ன ஆச்சரியம்?

பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களின் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற விதி இதைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கும். 2025-ல் செபி அதை விருப்பப்பட்டால் செய்யலாம் என்று தளர்த்திவிட்டது. சப்ளையர் பாக்கியை எத்தனை நாளில் தீர்க்கிறீர்கள் என்றாவது படிவம் கேட்கிறது, நல்லது. சுத்திகரிப்புக்காக விலையில் எவ்வளவு கூட்டிக் கொடுத்தீர்கள் என்று கேட்க அதில் ஒரு கட்டம் இல்லை.